வலியைச் சொல்லாத பிள்ளையின் வலியைக் கண்டுபிடிப்பது: படிப்படியான முழு வழிகாட்டி

என் மகன் இடது மணிக்கட்டில் எலும்பு விரிசலோடு மூன்று நாள் ஊஞ்சல் ஆடினான். அழவில்லை, முகம் சுளிக்கவில்லை. நான்காம் நாள் காலையில் தோசையைப் பிய்க்கும்போது தட்டு நகர்ந்துகொண்டே இருந்தது. எப்போதும் இடது கையால் தட்டைப் பிடித்துக்கொள்கிறவன் அன்று பிடிக்கவில்லை. "இவன் தட்டைப் புடிக்கலையே கண்ணு" என்று என் மாமியார் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் நான் அந்தக் கையைப் பார்த்தேன்.

அப்போது அவனுக்கு 8 வயது, இப்போது 14. இடைப்பட்ட காலத்தில் எங்களுக்கென்று ஒரு முறையை உருவாக்கிக்கொண்டோம். தெரபி நடக்கும்போது வெளியே என்னோடு காத்திருக்கும் பெற்றோருக்கும் அதைச் சொல்லித் தருகிறேன். அவர்கள் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை அந்தந்தப் படியிலேயே குறித்திருக்கிறேன்.

ஆட்டிசம் உள்ள, பேச்சு குறைவான பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். நன்றாகப் பேசும் பிள்ளைகளின் பெற்றோரும் படியுங்கள். ரயில் நேரம் முழுவதையும் ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தன் காது வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் இருக்கலாம்.

உங்கள் பிள்ளை இன்றைக்கே வித்தியாசமாக நடந்துகொள்கிறது என்றால் நேராக 8-ஆம் பகுதிக்குப் போங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

1. முன்கூட்டியே தயாராக வைக்க வேண்டியவை

ஒரு நீள நோட்டு. போனில் எழுதினால் அது உங்களோடு மட்டும் இருக்கும். நோட்டை அடுப்படி அலமாரியில் வைத்தால் பாட்டியும் எழுதலாம், அப்பாவும் எழுதலாம். எங்கள் வீட்டில் முக்கியமான குறிப்பு பாதிக்கு மேல் என் மாமியாருடையது.

அக்குளில் வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது சேலத்து ஏப்ரல், மே மாதங்களில் எதற்கும் உதவாது, அப்போது எல்லார் நெற்றியும் சுடும். பாதரசம் உள்ள கண்ணாடித் தெர்மாமீட்டர் வேண்டவே வேண்டாம், கடித்துவிடுவார்கள்.

சின்ன டார்ச் ஒன்று. போன் வெளிச்சம் பல பிள்ளைகளுக்குக் கண் கூசும். டார்ச்சை முதலில் ஒரு வாரம் பிள்ளையிடமே விளையாடக் கொடுங்கள். அவன் உங்கள் வாயைப் பார்த்த பிறகு நீங்கள் அவன் வாயைப் பார்க்கலாம்.

எடை. மாதம் ஒருமுறை பார்த்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். பிள்ளைகளுக்கான மருந்தின் அளவு பெரும்பாலும் எடையை வைத்துத்தான். அவசர நேரத்தில் "இருபது கிலோ இருக்கும்ங்க" என்று குத்துமதிப்பாகச் சொல்வது ஆபத்து.

கடைசியாக, அமைதியான இரண்டு வாரம். ஆடி மாதத்தில் தொடங்காதீர்கள். கோட்டை மாரியம்மன் பண்டிகை, குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கை, மேளம், வேட்டு என்று ஊரே அதிரும்போது உங்கள் பிள்ளையின் சாதாரண நாள் எது என்று யாருக்கும் தெரியாது.

2. உணர்வது வேறு, காட்டுவது வேறு

இதைப் புரிந்துகொள்ளாமல் மற்ற படிகளைச் செய்தால் பலன் இல்லை. "எங்க பையனுக்கு வலியே தெரியாதுங்க" என்று தொடங்காத பெற்றோரைப் பார்ப்பது அரிது. நானும் அப்படிச் சொன்னவள்தான்.

2013-இல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு, ஆட்டிசத்தின் அடையாளங்களில் புலன் வேறுபாடுகளையும் சேர்த்தது. வலியையும் சூடு குளிரையும் பொருட்படுத்தாதது போல் தோன்றுவது அதில் ஓர் உதாரணமாக வருகிறது. 'தோன்றுவது' என்ற சொல்லைக் கவனியுங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பற்றி அந்த வரி எதுவும் சொல்லவில்லை.

பிரான்சில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் ரத்தம் எடுக்கும்போது கவனித்து, 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வெளியே வலியைக் குறைவாகக் காட்டிய அந்தப் பிள்ளைகளின் இதயத் துடிப்பு நன்றாகவே ஏறியிருந்தது. வலியிலும் அழுத்தத்திலும் உடம்பு சுரக்கும் பீட்டா எண்டார்ஃபினின் அளவும் ரத்தத்தில் உயர்ந்திருந்தது. முகம் சும்மா இருந்தாலும் உடம்பு சும்மா இல்லை. வாயால் சொல்ல முடியவில்லை என்பதால் வலி இல்லை என்று ஆகிவிடாது என்பதை சர்வதேச வலி ஆய்வுச் சங்கமும் 2020-இல் திருத்திய தன் வரையறையின் குறிப்பில் சேர்த்திருக்கிறது.

இன்னொரு விஷயம், உடம்புக்குள்ளிருந்து வரும் சேதி. பசி, மூத்திரம் முட்டுவது, வயிற்றுக் கடுப்பு, காய்ச்சல் எல்லாம் உள்ளிருந்து வருபவை. ஆட்டிசம் உள்ள பலருக்கு இந்தச் சேதி மங்கலாகவோ, தாமதமாகவோ, எந்த இடம் என்று பிரியாமலோ வந்து சேர்கிறது. ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரிகிறது. அது கோபமாகவோ ஓட்டமாகவோ வெளியே வருகிறது.

பிறவியிலேயே வலி உணர்வு இல்லாத நிலை ஒன்று உண்டு. அது மிக அரிதான, வேறொரு மரபணுக் குறைபாடு. உங்கள் பிள்ளைக்கு இருப்பது அதுதான் என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள்.

இங்கே நடக்கும் தவறு: பிள்ளையின் முன்னாலேயே "இவனுக்கு வலிக்காது" என்று சொல்வது. இதைக் கேட்டவர்கள் ஊசியை அழுத்திக் குத்துவார்கள், வலி மருந்து தர வேண்டியதில்லை என்று நினைப்பார்கள். பேசாத பிள்ளை கேட்டுக்கொண்டும் இருக்கும். "வலியை வெளியே காட்ட மாட்டான்" என்று மாற்றிச் சொல்லப் பழகுங்கள்.

3. முதலில் நல்ல நாளை எழுதுங்கள்

நிறையப் பேர் நோட்டு வாங்கிய அன்றே 'வலி அடையாளங்கள்' என்று தலைப்புப் போடுகிறார்கள். அது தலைகீழ். நன்றாக இருக்கும்போது எப்படி இருப்பான் என்று எழுதி வைத்தால்தான் மாறியது எது என்று தெரியும். கை தட்டுவது, உடம்பை ஆட்டுவது, ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்ப எழுப்புவது எல்லாம் ஒரு பிள்ளைக்குச் சந்தோஷம், இன்னொரு பிள்ளைக்கு வேதனை. ஊருக்கெல்லாம் பொதுவான பட்டியல் இதைப் பிரித்துச் சொல்லாது.

14 நாள், நாளுக்கு ஏழெட்டு வரி போதும். எப்போது தூங்கினான், எத்தனை முறை விழித்தான், என்ன சாப்பிட்டான், எவ்வளவு நேரம் மென்றான், மலம் எப்போது, கெட்டியா இளக்கமா, மாடிப்படியில் எந்தக் காலை முதலில் வைக்கிறான், எப்படி உட்காருகிறான், என்னென்ன சத்தம் எழுப்புகிறான்.

"நன்றாக இருந்தான்", "அடம் பிடித்தான்" என்று எழுதாதீர்கள். அது உங்கள் தீர்ப்பு. கண்ணால் கண்டதை எழுதுங்கள். "2 தோசை, தக்காளிச் சட்னி, 10 நிமிடம், இடது பக்கம் மட்டும் மென்றான்" என்பது குறிப்பு. ஒரு பெண் பிள்ளையின் அம்மா எழுதிய இப்படி ஒரு வரியில்தான் வலது கடைவாய்ப் பல்லின் சொத்தை மாட்டியது.

எங்கள் வீடு சேலம் அம்மாபேட்டையில். கீழே தறி ஓடும், மேலே குடியிருப்பு. தறியின் தடதடப்புக்குச் சரியாக என் மகன் தொண்டைக்குள் ஒரு முனகல் போடுவான். கேட்பவர்கள் ஏதோ வேதனை என்றுதான் நினைப்பார்கள். எங்கள் நோட்டில் அது நல்ல நாள் சத்தம். அது நின்றால்தான் நான் கவலைப்படுவேன். ஆனால் மின்வாரியப் பராமரிப்புக்காகக் கரண்ட் இல்லாத நாளில் தறி நிற்கும், அவனும் நிறுத்திவிடுவான். அதனால் அன்றைக்குச் சுற்றுப்புறத்தில் என்ன மாற்றம் என்பதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

கூடவே நான்கு சின்ன வீடியோ: நடப்பது, படி ஏறுவது, சாப்பிடுவது, விளையாடுவது. ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். மருத்துவர் உங்கள் பிள்ளையைப் பயந்துபோன நிலையில் மட்டுமே பார்க்கிறார். அவர் ஒப்பிட்டுப் பார்க்க இந்த வீடியோவை விட்டால் வேறு வழி இல்லை.

4. புலன்களுக்கு ஒரு பக்கம்

எது அதிகமாகத் தாக்குகிறது, எது போய்ச் சேரவே இல்லை என்று இரண்டு பத்தியாக எழுதுங்கள். இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருப்பதைப் பார்த்துத்தான் வீட்டார் குழம்புகிறார்கள். "கை ஒடைஞ்சதுக்கு அழாதவன் நகம் வெட்ட இந்தக் கத்து கத்தறானே, நடிக்கிறானா?" என்று என் நாத்தனார் கேட்டார். நடிப்பு இல்லை. சட்டைக் கழுத்துப்பட்டியில் தைத்த லேபிள், தலை சீவுவது, மெல்ல வருடுவது போன்றவை சிலருக்கு உண்மையாகவே எரிச்சலும் வலியும் தரும். அதே பிள்ளையை இறுக்கி அணைத்தால் அமைதியாகும்.

குறைவாக உணரும் பத்தியில்தான் ஆபத்து. வெயில் நேரத்தில் கோயில் பிராகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு நின்றுகொண்டே இருப்பான். குளியல் தண்ணீர் கொதித்தாலும் உள்ளே இறங்குவான். ஆகவே தண்ணீரை உங்கள் முழங்கையால் சோதித்த பிறகே அவனை விடுங்கள். வெயிலில் நின்ற வண்டியின் சீட்டையும் தொட்டுப் பாருங்கள்.

இந்தப் பக்கம் எதற்கு என்றால், புலன் தாக்குதலால் வரும் மெல்ட்டவுனையும் (தாங்க முடியாமல் கட்டுப்பாடு இழந்து கத்துவது, அழுவது) வலியால் வருவதையும் பிரிக்கத்தான். நான் செய்வது இது: சந்தேகப்படும் காரணத்தை விலக்குவேன். சத்தம் என்றால் உள் அறைக்குக் கூட்டிப் போவேன், துணி என்றால் மாற்றுவேன். அரை மணி நேரத்தில் தணிந்தால் பெரும்பாலும் புலன் விஷயம். தணியாவிட்டால், அல்லது தணிந்து காரணமே இல்லாமல் திரும்ப வந்தால், உடம்பில் தேடுவேன்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு, என்னையே இரண்டு முறை ஏமாற்றியது. வலி இருக்கும்போது புலன் பொறுமை குறையும். தினமும் தறிச் சத்தத்தில் தூங்குகிறவன் ஒரு நாள் அதே சத்தத்துக்குக் காதைப் பொத்தினான். சத்தம்தான் காரணம் என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினேன். காரணம் காதுக்குள் சீழ். நேற்றுவரை தாங்கியதை இன்று தாங்கவில்லை என்றால், பழியைச் சத்தத்தின் மேல் போடுவதற்கு முன் உடம்பைப் பாருங்கள்.

5. அவனுக்கென்று ஒரு வலிப் பட்டியல்

இப்போதுதான் வலி அடையாளங்களுக்கு வருகிறோம். என்.சி.சி.பி.சி.-ஆர் என்று மருத்துவர்கள் பயன்படுத்தும் பட்டியல் பேசாத பிள்ளைகளுக்கென்றே வந்தது. 3 முதல் 18 வயது வரை, 30 அடையாளங்கள். இரண்டு மணி நேரம் கவனித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். கூட்டல் 7 அல்லது அதற்கு மேல் வந்தால் வலி இருக்க வாய்ப்பு அதிகம். குரல், பழகும் விதம், முகம், அசைவு, கை கால், உடல்நிலை, உணவும் உறக்கமும் என்று அது ஏழு பிரிவாக இருக்கும். அந்த ஏழு தலைப்பை மட்டும் உங்கள் நோட்டில் போட்டு, கீழே உங்கள் பிள்ளையின் அடையாளங்களை எழுதுங்கள்.

என் மகனுடைய பக்கத்தில் முகம் என்ற தலைப்பின் கீழ் 'சிரிப்பு' என்று இருக்கிறது. அடிபட்டால் சிரிப்பான். கண் மட்டும் சேராத, வேகமான சிரிப்பு. மற்ற பிள்ளைகளிடம் நான் பார்த்தவை: சட்டைக் காலரைக் கடிப்பது, சோபா விளிம்பில் வயிற்றை அழுத்திக் குப்புறப் படுப்பது, திடீரென்று மடியை விட்டு இறங்காமல் இருப்பது, பிடித்த பண்டத்தை மறுப்பது. தட்டுவடை செட் என்றால் உயிரை விடும் ஒரு பையன் அதைத் தொடாமல் வைத்தபோது அவன் அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. வாய் முழுக்கப் புண்.

தன்னைத் தானே அடித்துக்கொள்வது புதிதாகத் தொடங்கினால் 'நடத்தைப் பிரச்சினை' என்று உடனே பெயர் வைக்காதீர்கள். எங்கே அடிக்கிறான் என்று பாருங்கள். தாடை, காது, நெற்றி என்றால் அந்தப் பக்கத்துப் பல்லையும் காதையும் முதலில் பாருங்கள். அடிக்கும் இடத்தில்தான் வலி என்று சட்டம் இல்லை, தேடத் தொடங்குவதற்கு அது ஓர் இடம். வலியை விலக்கிய பிறகு நடத்தைத் தெரபி பற்றிப் பேசலாம். அந்த வரிசை மாறி, பல் வலிக்கு ஆறு மாதம் நடத்தைப் பயிற்சி கொடுத்த குடும்பம் எனக்குத் தெரியும்.

6. குளியலறையில் மூன்று நிமிடம்

தினமும் குளிக்கும்போது உடம்பைப் பாருங்கள். தனியாகச் சோதனை என்று உட்கார வைத்தால் மிரளுவான். குளியல் ஏற்கெனவே பழகிய வேலை.

பாதத்திலிருந்து மேலே போங்கள். தலையும் முகமும் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கூச்சமான இடம், அங்கே தொடங்கினால் கதை அங்கேயே முடிந்துவிடும். உள்ளங்காலில் கொப்புளம், முள், விரலிடுக்கில் வெடிப்பு, நகச்சுற்று, முழங்கால் வீக்கம், அக்குள், இடுப்பு மடிப்பு, கோடையில் வேனற்கட்டி. இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். வீக்கம் தனியாகப் பார்த்தால் தெரியாது, பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்.

உள்ளங்கையைப் பதித்துத் தொடுங்கள். விரல் நுனியால் மெல்லத் தொட்டால் கிச்சுக்கிச்சு மூட்டியது போல் துள்ளுவான், வலியால் துள்ளினானா என்று உங்களுக்குப் புரியாது. அவன் இயல்பாகவே கையை இழுத்துக்கொள்ளும் இடத்தை நோட்டில் குறியுங்கள்.

பல்லை வாரம் இரண்டு நாள் டார்ச் அடித்துப் பாருங்கள். வளர்ந்த பிள்ளை என்றால் கேட்டுவிட்டுத் தொடுங்கள், மறைவான இடங்களைத் தானே பார்த்துச் சொல்லக் கற்றுக்கொடுங்கள். எங்கள் வீட்டில் 11 வயதிலிருந்து அது அப்பாவின் வேலை.

தவறு: ஒவ்வோர் இடத்தையும் தொட்டு "வலிக்குதா? வலிக்குதா?" என்று கேட்பது. பாதிப் பேர் "வலிக்குதா" என்று கிளிப்பிள்ளை மாதிரித் திருப்பிச் சொல்வார்கள். மீதிப் பேர் எல்லாவற்றுக்கும் "ஆமா". வாயை மூடிக்கொண்டு பாருங்கள்.

7. வலியைச் சொல்லக் கற்றுக்கொடுப்பது

இது மாதக்கணக்கில் நடக்கும் வேலை. மற்ற படிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நடக்கட்டும். வலி இருக்கும் நாளில் பாடம் எடுக்காதீர்கள். புதியதைப் பிடித்துக்கொள்ளும் நிலையில் அவன் இருக்க மாட்டான்.

முதலில் 'எங்கே'. அவனுடைய முழு உருவப் போட்டோவையே அட்டையில் ஒட்டுங்கள். பொம்மைப் படத்தில் இருப்பது தன் உடம்பு என்று பல பிள்ளைகளுக்கு எட்டாது. 'எவ்வளவு' என்பது அப்புறம். அதற்கும் கொஞ்சம், நிறைய என்று இரண்டு போதும். அழும் முகம், சிரிக்கும் முகம் வரைந்த அளவுகோலைக் காட்டினால் தனக்குப் பிடித்த முகத்தைத் தொட்டுவிட்டுப் போவான்.

குத்துது, எரியுது, குடையுது, கடுக்குது, உளையுது என்று நம்மிடம் வலிக்குச் சொல் ஏராளம். எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். 'வலி' என்ற ஒரு சொல், ஒரு படம், ஒரு சைகை.

கற்றுக்கொடுக்க வலியை உண்டாக்கக் கூடாது. கிள்ளிக் காட்டிய ஒருவரை நான் பார்த்திருக்கிறேன், அந்தப் பையன் அதன்பின் அந்த அட்டையைப் பார்த்தாலே ஓடினான். தானாக இடித்துக்கொள்ளும் தருணத்துக்குக் காத்திருங்கள். கதவில் விரல் இடித்தால் உடனே "விரல் வலி" என்று சொல்லி, படத்தைத் தொட்டு, தண்ணீரில் காட்டுங்கள். சொன்னால் உதவி வரும் என்ற தொடர்பு புரிய வேண்டும். உங்களுக்குத் தலைவலி வந்தாலும் அதே அட்டையைத் தொட்டுக் காட்டுங்கள்.

பதில் நம்பகமானதா என்று பார்க்க ஒரு குறுக்குக் கேள்வி வையுங்கள். வயிற்றைப் பற்றிக் கேட்கும்போது நடுவில் மூக்கையும் கேளுங்கள். மூக்குக்கும் "ஆமா" வந்தால் அன்றைய பதில்கள் எதையும் கணக்கில் எடுக்காதீர்கள்.

8. வித்தியாசம் தெரிந்த நாளில் என்ன வரிசையில் பார்ப்பது

முதலில் அவசரம். மூச்சுத் திணறல், வலிப்பு, தலையில் அடிபட்ட பின் வாந்தி அல்லது எழுப்ப முடியாத மயக்கம், பலகை மாதிரி இறுகிய வயிறு, கையையோ காலையோ அசைக்கவே மறுப்பது. பையன்களுக்கு விதைப்பை வீக்கமோ சிவப்போ இருந்தால் அதுவும் அவசரம்தான். விதை முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்துக்குள் சரி செய்தாக வேண்டும், வெட்கப்பட்டுக் காலை வரை காத்திருக்கக் கூடாது. இவற்றில் எது இருந்தாலும் நோட்டை மூடிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

அவசரம் இல்லை என்றால் காய்ச்சல் பாருங்கள், பிறகு மேலிருந்து கீழே தேடுங்கள்: பல், வாய், தொண்டை, காது, கண். இந்த இடங்களை முதலில் சொல்வதற்குக் காரணம், அடிக்கடி மாட்டுபவை இவையே, வீட்டிலேயே பார்க்கவும் முடிபவை.

அடுத்து வயிறு. கடைசியாக எப்போது மலம் போனான் என்று நோட்டைப் பாருங்கள். மலச்சிக்கல் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் மிகவும் சாதாரணம். ஜட்டியில் தண்ணீராகக் கசிந்திருந்தால் பேதி என்று நினைத்து நிறுத்தும் மருந்து கொடுத்துவிடாதீர்கள். கட்டிய மலத்தைச் சுற்றி நீர் கசிந்தாலும் அப்படித்தான் இருக்கும். குனிந்தே நடப்பது, குதிக்க மறுப்பது, கூடவே காய்ச்சல் அல்லது வாந்தி என்றால் குடல்வாலாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் போங்கள்.

சிறுநீர் கழிக்கும்போது நெளிகிறானா, தோல், நகம், கை கால் மூட்டுகள் என்று முடியுங்கள். பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய்த் தேதியையும் பாருங்கள். மாதம் ஒருமுறை வரும் ஆத்திரத்துக்கு அடிவயிற்று வலி காரணமாக இருக்கிறதா என்று மூன்று மாதத் தேதிகளை அடுக்கினாலே தெரியும்.

வலி மருந்து பற்றி: பாராசிட்டமால் எவ்வளவு என்று நல்ல நாளிலேயே மருத்துவரிடம் கேட்டு, மில்லிகிராமில் எழுதி வையுங்கள். "ஒரு ஸ்பூன்" என்று எழுதாதீர்கள். கடையில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ள சிரப்பும் கிடைக்கிறது, 250 உள்ளதும் கிடைக்கிறது. பாட்டில் மாறினால் அளவு இரட்டிப்பாகும். டெங்கு சந்தேகம் உள்ள காய்ச்சலில் ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் கூடாது. மருந்து கொடுத்த நேரத்தையும் ஒரு மணி நேரம் கழித்து நடத்தை எப்படி இருந்தது என்பதையும் எழுதுங்கள். மருந்துக்குப் பிறகு வலி அடையாளங்கள் நின்று சாப்பிட்டான் என்றால் மருத்துவருக்கு அது பெரிய துப்பு.

நம் வீடுகளில் இந்த இடத்தில் திருஷ்டி கழிப்பார்கள், தூக்கியதில் தசை பிசகி உரம் விழுந்தது என்பார்கள், தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பார்கள். திருஷ்டியும் விளக்கெண்ணெயும் கெடுதல் செய்யாது, நேரத்தை மட்டும் தின்னக் கூடாது. சூடு வைப்பது, வீங்கிய மூட்டை இழுத்து உருவுவது இரண்டுக்கும் விடாதீர்கள். எலும்பு விலகியிருக்கிறதா என்று சொல்ல இந்தப் பிள்ளை கத்தாது.

9. மருத்துவமனைக்குப் போகும்போது

எக்ஸ்ரே எடுக்கச் சொன்னதற்கு ஒரு மருத்துவர் என்னிடம், "எலும்பு போயிருந்தா இப்படி உட்கார்ந்திருப்பானாம்மா?" என்றார். அவர் மேல் தப்பில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று என் கையில் எழுதி வைத்தது எதுவும் இல்லை, அழுகை மட்டும்தான் இருந்தது. இப்போது ஒரு பக்கத் தாள் கொண்டு போகிறேன். அதை அப்படியே தருகிறேன்:

"வயது 14, எடை 46 கிலோ, ஆட்டிசம். பேச்சு சில சொற்கள். வலியை வெளியே காட்ட மாட்டான். வலி இருந்தால் வேகமாகச் சிரிப்பான், முனகலை நிறுத்துவான், இடது பக்கம் சாய்வான். நேற்று மாலை முதல் இம்மூன்றும் இருக்கின்றன. மெல்லத் தொட்டால் தாங்க மாட்டான், அழுத்தித் தொடலாம். செய்யப் போவதை முன்னால் சொல்லிவிட்டுச் செய்தால் ஒத்துழைப்பான்."

எட்டு வரிக்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை. பல மருத்துவமனைகளில் பயன்படுத்தும் எஃப்.எல்.ஏ.சி.சி. என்ற வலி அளவுகோலின் திருத்திய வடிவத்தில், பெற்றோர் சொல்லும் தனி அடையாளங்களைச் சேர்க்கவே இடம் இருக்கிறது. தாளைக் கொடுக்கும்போது நீங்கள் சலுகை எதுவும் கேட்கவில்லை.

போவதற்கு முன் போன் செய்து முதல் டோக்கன் கேளுங்கள். மாலை நேரத்தில் ஐந்து ரோடு சந்திப்பின் நெரிசலில் ஹாரன் சத்தத்தோடு போய் இறங்கினால் பாதி சக்தி அங்கேயே போய்விடும். உள்ளே காத்திருக்க முடியாது என்றால் வெளியே ஆட்டோவிலேயே உட்காருங்கள், உங்கள் முறை வரும்போது கூப்பிடச் சொல்லலாம்.

ரத்தம் எடுக்கவோ ஊசி போடவோ முன்கூட்டியே தெரிந்தால் லிக்னோகெயின், பிரிலோகெயின் கலந்த மரப்புக் களிம்பு பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். குறைந்தது 1 மணி நேரம் முன்பே தடவி, மேலே ஒட்டி மூட வேண்டும். வாசலில் வைத்துத் தடவிப் பயன் இல்லை. ஒட்டியதைப் பிய்க்கும்போது வரும் எரிச்சல் சில பிள்ளைகளுக்கு ஊசியைவிட மோசம், தண்ணீர் நனைத்து மெல்ல எடுங்கள்.

"ஊசி இல்லை" என்று பொய் சொல்லாதீர்கள். ஒரு முறை பலிக்கும். அடுத்த முறை மருத்துவமனை இருக்கும் தெருவிலேயே நுழைய மாட்டான்.

மாற்றுத்திறனாளிகளுக்கான யூ.டி.ஐ.டி. என்ற தனி அடையாள அட்டையின் நகல் பையில் இருக்கட்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் சேர்ந்திருக்கிறது. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, இன்னும் சேராதவர்கள் சேருங்கள்.

10. ஏற்காடு ஏறும்போது

விடுமுறைக்குப் போய் அழுகையோடு திரும்பும் குடும்பங்களுக்காக இந்தச் சின்னப் பகுதி. சேலத்திலிருந்து போகும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், மேலே ஏறக்குறைய 1,500 மீட்டர். ஏறும்போது காது அடைப்பது நமக்குத் தெரியும், எச்சில் விழுங்கிச் சரி செய்கிறோம். அது என்னவென்று தெரியாத பிள்ளை காதை அடித்துக்கொள்ளும் அல்லது கதவைத் திறக்கப் பார்க்கும்.

வளைவுகளில் எண் பலகை இருக்கும். இரண்டு வளைவுக்கு ஒருமுறை ஒரு மடக்குத் தண்ணீர் அல்லது உறிஞ்சிக் குடிக்க ஏதாவது கொடுங்கள். எண்ணுவது பிடித்த பிள்ளைகளுக்கு அந்தப் பலகையே போதும். இறங்கும்போதுதான் காது அதிகம் வலிக்கும், தூங்கவிடாதீர்கள். சளி பிடித்திருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். குளிரையும் சொல்ல மாட்டான். உதடும் விரல் நுனியும் எப்படி இருக்கின்றன என்று நீங்களே தொட்டுப் பாருங்கள்.

11. வீட்டுக்கு வந்த பிறகு

காரணம் தெரிந்ததும் நோட்டில் எழுதுங்கள்: எந்த அடையாளம், எத்தனை நாள், கடைசியில் என்ன. மூன்று நான்கு சம்பவம் சேர்ந்த பிறகுதான் பட்டியல் கூர்மையாகும்.

கட்டுப் போட்டு அனுப்பியிருந்தால் முதல் 48 மணி நேரம் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கட்டு இறுகினால் மற்ற பிள்ளைகள் அலறிவிடும், இவன் அலற மாட்டான். விரல் நீலமாகவோ வெளிறியோ, சில்லென்றோ, ஊதியோ இருந்தால், நகத்தை அழுத்தி விட்டதும் சிவப்பு உடனே திரும்பாவிட்டால், இரவானாலும் திரும்பிப் போங்கள். எனக்கு இரண்டு மணிக்கு ஒருமுறை அலாரம் வைக்கச் சொன்னது ஒரு நர்ஸ். அந்த இரண்டு நாளும் மாமியாரும் நானும் முறை போட்டு விழித்திருந்தோம்.

நல்ல நாள் பக்கத்தில் தேதி போட மறக்காதீர்கள். வளர வளர அது பழசாகும். பருவ வயதில் தூக்கம், பசி, சத்தம் எல்லாம் மாறும், பழைய பக்கத்தோடு ஒப்பிட்டால் தினமும் வலி இருப்பதாகத் தோன்றும். நான் வருடம் ஒருமுறை, பண்டிகைச் சத்தம் ஓய்ந்து ஆவணி பிறந்ததும் புதிதாக எழுதுகிறேன். இந்த வருடம் எழுதியபோது தறியோடு சேர்ந்து போடும் முனகலின் சுருதி இறங்கியிருந்தது. குரல் உடைந்துவிட்டது.